கடல் கடந்து கற்றதும் கண்டிச் சந்தையில் கற்றதும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் கற்பிக்கும் பழைய மாணவியர் மூவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மூவரும் 1980களில் நமது கல்லூரியின் உயர்தர வர்த்தகப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று மூவரும் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள். மூவருமே புலமைப்பரிசில் பெற்று வெளிநாடு சென்று மேற்படிப்பு முடித்தவர்கள். ஒருவர் இங்கிலாந்துக்கும், ஒருவர் தாய்லாந்துக்கும், ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்த் திரும்பினோம். "வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் நம் நாட்டு முகாமைத்துவக் கல்வியை எப்படி மாற்றினார்கள்? சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று சங்கம் கேட்டது. மேடையில் வாசிப்பவர் ஒருவராயினும் எழுதியவர்கள் மூவர். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

முதலில் நமது கணக்கீட்டு ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவர்கள் பலருக்கு யாரென்று விளங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் அவர் எங்களைக் கண்டி மத்திய சந்தைக்கு நடத்திக்கொண்டு போவார். ஆளுக்கொரு மரக்கறிக் கடை. கடைக்காரருக்குத் தொந்தரவு கொடுக்காமல் ஓரமாக நின்று, காலையில் என்ன விலைக்கு வாங்கினார், என்ன விலைக்கு விற்றார், மூட்டை இறக்கியவருக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டுக் கொப்பியில் எழுத வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கடைக்கு இலாப நட்டக் கணக்குத் தயாரித்து வர வேண்டும்.

எங்களில் ஒருவர் மிக அழகாகக் கோடு போட்டு, நல்ல இலாபம் காட்டி, கொப்பியைக் கொடுத்தார். ஆசிரியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அழுகினது எங்க பிள்ளை?" என்று கேட்டார். தக்காளியில் அழுகிப்போன பகுதியை எழுத மறந்திருந்தோம். அதை எழுதியதும் இலாபத்தில் பாதி போய்விட்டது. அந்த ஆசிரியை வெளிநாடு போனவர் அல்லர். ஹாவர்ட் வணிகப் பள்ளியின் பெயரை அவர் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. அங்கே 1920களிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட 'கேஸ்' முறைக்கு அடிப்படையும் ஏறக்குறைய இதுவே என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு தொழிலில் உண்மையாக நடந்ததை எழுதி வகுப்பில் வைத்து, "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பதே அந்த முறை. அதைத் தமிழில் நிகழ்வாய்வு என்கிறோம்.

வெளியில் கற்றவர்கள் நம் பாடத்திட்டத்தை எழுதுவது கண்டிக்குப் புதிதல்ல. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், கேம்பிரிட்ஜில் படித்தவர். மாணவர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் அந்த ஊர் முறையை மகாவலிக் கரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பேராதனை வளாகத்தைக் கடந்து பஸ்ஸில் போகும் எவருக்கும் அது தெரியும். 1951இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டமும், 1960 முதல் வழங்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் நம்மவர் பலரை வெளியே அனுப்பின. 2010இல் உலக வங்கி உதவியோடு ஆரம்பமான உயர்கல்வித் திட்டமொன்றும் விரிவுரையாளர்களைக் கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாடு அனுப்பியது. பேராதனையில் முகாமைத்துவம் நெடுங்காலம் கலைப்பீடத்தின் ஒரு துறையாக இருந்து, பிற்காலத்தில்தான் தனிப் பீடமானது. நாடு முழுவதும் முகாமைத்துவப் பீடங்கள் வளர்ந்த காலமும், வெளிநாட்டுப் பட்டத்தோடு எங்களைப் போன்றவர்கள் திரும்பிவந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே அந்தப் பீடங்களின் பாடங்களில் எங்கள் கைரேகை நிறையவே இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறோம்.

திரும்பி வந்த முதல் மாதமே விரிவுரை தொடங்கிவிடும். தயாரிக்க நேரம் கிடையாது. கையில் இருப்பது அங்கே நாங்கள் படித்தபோது எழுதிய குறிப்புகள். பாடத்தின் பெயர், எந்த வாரம் எந்தத் தலைப்பு, எந்தப் பாடநூல், பரீட்சையில் எப்படிக் கேள்வி என்று எல்லாமே அந்தக் கோப்பிலிருந்து வந்துவிடும். இது முதற்படி. பதவி உயர்வுக்குச் சர்வதேச ஆய்விதழ்களில் கட்டுரை வர வேண்டும். அந்த இதழ்களுக்கு எது பிடிக்குமோ அதையே ஆராய்கிறோம், ஆராய்வதையே கற்பிக்கிறோம். இது இரண்டாம் படி. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும்போது மதிப்பீட்டாளர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நாங்களே நினைத்துக்கொள்வோம். இது மூன்றாம் படி. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. அவசரமும் பழக்கமும் கொஞ்சம் பெருமையும் சேர்ந்து செய்கிற வேலை இது.

நல்லதும் வந்தது. நாங்கள் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் விரிவுரை என்றால் சொல்ல எழுதுவதுதான். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. வெளிநாட்டில்தான், பேராசிரியரிடம் "நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை" என்று சொன்ன மாணவிக்கு அதற்காகவே நல்ல புள்ளி கிடைத்ததைப் பார்த்தோம். விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கத்தை இடுவது, திருத்திய தாளில் எங்கே பிழை என்று எழுதிக் கொடுப்பது, மாணவர்கள் வந்து சந்திக்க நேரம் ஒதுக்குவது, ஆசிரியரைப் பற்றி மாணவரிடமே கருத்துக் கேட்பது ஆகியவற்றை அங்கே கற்றுவந்து இங்கே நடைமுறைப்படுத்தினோம். கைக்குழந்தையோடு கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த பெண்களையும் அங்கே கண்டோம். அது எங்களுக்குப் பெரிய தைரியம். இவற்றையெல்லாம் கொண்டுவந்ததற்காக நாங்கள் வருந்தவில்லை.

வருந்துகிற ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கினால் ஆசிரியையின் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லாதவர்களாகிவிடுவோம்.

1998இல் எங்களில் இருவர் வேலை செய்த பீடத்தில் பாடத்திட்ட மீளாய்வுக் கூட்டம் நடந்தது. கூட்டுறவு முகாமைத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் பல வருடமாக எடுத்துவந்தவர் வெளிநாடு போகாத மூத்த விரிவுரையாளர். மாணவர்களைக் கிராமத்துச் சங்கங்களுக்குக் கூட்டிப்போய்ப் பேரேட்டைக் காட்டுவார். அந்தப் பாடம் பழையது, அதை எடுத்துவிட்டு மூலோபாய முகாமைத்துவத்தில் இன்னொரு பாடம் சேர்க்கலாம் என்று பிரேரணை வந்தது. புதிதாகத் திரும்பிவந்த எல்லோரும் கை தூக்கினோம். நாங்கள் இருவரும் தூக்கினோம். அந்தப் பெரியவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கோப்பை மூடிக்கொண்டு, "சரி, காலம் மாறுது தானே" என்றார்.

அதே காலத்தில் எங்களில் மூன்றாமவர் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். வறுமையும் நுண்கடனும் பற்றி டேவிட் ஹியூம், போல் மொஸ்லி ஆகியோர் 1996இல் வெளியிட்ட நூலைப் படிக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. பல நாடுகளைப் பற்றிய அந்த நூலில் இலங்கைக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. அது சணச இயக்கத்தைப் பற்றியது. கிரிவந்தெனிய அவர்கள் 1978 முதல் மீட்டெடுத்து வளர்த்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் அவை. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதையில், நாம் தேநீர் குடிக்க இறங்கும் கேகாலைப் பக்கத்துக் கிராமத்தில் துளிர்த்தது அந்த இயக்கம். இங்கிலாந்து மாணவர்கள் அதை வரிவரியாகப் படிக்க, இங்கே நாங்கள் அதைக் கற்பித்த பாடத்தைக் கை தூக்கி நீக்கினோம். தோழியின் கடிதம் வந்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அப்போது எதையும் மாற்றவில்லை. வெட்கம் வேலையாக மாறுவதற்கு இன்னும் பல வருடம் எடுத்தது.

அதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு மாணவி. புசல்லாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். தமிழ் மொழியில் உயர்தரம் எழுதி, மாவட்டத்தில் நல்ல நிலையில் சித்தியடைந்து வந்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். நாங்கள் நடத்தியது அமெரிக்க விமானக் கம்பனி ஒன்றின் நிகழ்வாய்வு. எண்பது பேர் இருந்த வகுப்பில் விமானத்தில் ஏறியவர் ஐந்தாறு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் நுண்கடன் பற்றிய விரிவுரை முடிந்து எல்லோரும் போன பின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், எங்கம்மா லயத்துல சீட்டு புடிக்கிறாங்க. அதையும் இதுல சேக்கலாமா?"

உட்காரச் சொல்லிக் கேட்டோம். தமிழில் பேசச் சொன்னோம். மூன்று மாத மௌனம் ஒரு மணித்தியாலத்தில் கரைந்தது.

பன்னிரண்டு பெண்கள். மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய். சம்பளத்தன்று பணம் சேரும். மாதம் ஒருவருக்கு 24,000. முதற் சீட்டு, பொறுப்பை ஏற்று நடத்தும் தாய்க்கு. யாராவது கட்டத் தவறினால் அவர்தான் போட வேண்டும். மற்றவர்களுக்குக் குலுக்கல். ஆனால் யாருக்காவது சடங்கோ மரணமோ வந்தால் அவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். பாடநூலின் மொழியில் பார்த்தால், முதலில் எடுப்பவர் வட்டியில்லாத கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் சேமிக்கிறார். நடத்துபவருக்கு முதற் சீட்டுக் கிடைப்பது அவர் சுமக்கும் கடன் இடருக்கான கூலி.

இது நடந்தது 2022இன் கடைசியில். அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அந்த வேகத்தில் விலை ஏறினால், பன்னிரண்டாம் மாதம் கையில் வரும் 24,000 ரூபாய்க்கு, ஒரு வருடத்துக்கு முன் சுமார் 14,000 ரூபாய்க்கு வாங்கிய அளவு பொருள்தான் கிடைக்கும். கடைசிச் சீட்டை எடுக்க யாரும் விரும்பவில்லை. சீட்டே உடைந்துவிடும் நிலை. அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு பேரை ஆறு ஆறு பேராகப் பிரித்து, இரண்டு ஆறு மாதச் சீட்டாக்கினார். தொகை 12,000 ஆகக் குறைந்தது. ஆனால் காத்திருக்கும் காலமும் பாதியானது. இந்தச் சுற்றில் கடைசியாக எடுத்தவருக்கு அடுத்த சுற்றில் தனக்குரிய முதற் சீட்டைக் கொடுத்தார்.

பணவீக்கக் காலத்தில் கடனின் தவணையைச் சுருக்குவது, இழப்பைச் சுற்றிப் பகிர்வது என்று நாங்கள் ஒரு தவணை முழுக்க விரிவுரை செய்யும் விடயம் இது. எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு கொழுந்து பறிக்கும் பெண், லயத்து வாசலில் இருந்து அதைத் தீர்த்திருக்கிறார். அவருடைய மகள் எங்கள் வகுப்பில் தலை குனிந்து இருந்திருக்கிறாள்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் ஏட்டில் சுரைக்காய் இருந்தது. இந்த மண்ணில் காய்த்த சுரைக்காயாக மட்டும் அது இருக்கவில்லை.

இதற்கு வழி என்ன என்று தேடியபோது எங்களுக்குத் துணையாக நின்றது அயல்நாட்டு அனுபவம் ஒன்று. 1961இல் இந்தியாவில் இரண்டு முகாமைத்துவ நிறுவகங்கள் தொடங்கின. அகமதாபாத்துக்கு ஹாவர்ட் துணை, கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. துணை. இரண்டுக்கும் ஃபோர்ட் மன்றத்தின் பண உதவி. அகமதாபாத்தின் ஆரம்பகால ஆசிரியர்கள் பலர் ஹாவர்டுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். ஆனால் அங்கிருந்து கொண்டுவந்த முறையை வைத்து இந்தியத் தொழில்களைப் பற்றிய நிகழ்வாய்வுகளைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். வேளாண்மைத் துறையையும் முகாமைத்துவப் பாடமாக்கினார்கள்.

அந்த நிறுவகத்தின் முதல் ஆசிரியர் ஒரு பெண் என்பதை நமது மாணவிகள் அறிய வேண்டும். கமலா சௌத்ரி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நிறுவகத்துக்கு வருமுன் அகமதாபாத் துணி ஆலை ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றி, ஆலைத் தொழிலாளரையும் மேற்பார்வையாளரையும் நேரில் ஆராய்ந்தவர். அமெரிக்கப் படிப்பும் ஆலை அனுபவமும் அவரிடம் சேர்ந்திருந்தன. ஆரம்ப வருடங்களில் நிறுவகத்தை உருவாக்கியவர்களில் முன்னணியில் நின்றார். இயக்குநர் பதவி மட்டும் அவருக்கு வரவில்லை. 1965இல் ரவி மத்தாய் முதல் முழுநேர இயக்குநரானார். அவரும் வெளிநாட்டில், ஒக்ஸ்போர்டில் படித்தவர். 1972இல் தாமாகவே பதவியை விட்டு, அதே இடத்தில் சாதாரண ஆசிரியராகத் தொடர்ந்து, 1975இல் இராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போனார். அங்கே நெசவாளரோடும் தோல் தொழிலாளரோடும் இருந்து, முகாமைத்துவ அறிவு அவர்களுக்கு எப்படி உதவும் என்று வேலை செய்தார்.

அகமதாபாத் பட்டதாரிகளில் பெரும்பாலோர் பெருங்கம்பனிகளுக்குத்தான் போனார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அது நியாயமானதே. ஆனாலும் எங்களுக்கு ஒன்று தெளிவானது. வெளிநாட்டிலிருந்து பாடக்குறிப்பைக் கொண்டுவந்தால் அது சில வருடத்தில் பழசாகிவிடும். போய்ப் பார், கேள், உள்ளபடி எழுது, பிறகு விவாதி என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தால் அது இந்த மண்ணில் வேர் பிடிக்கும். அந்தப் பழக்கத்துக்கு நாங்கள் கடல் கடந்திருக்கவே தேவையில்லை. மத்திய சந்தையில் அது எங்களுக்குப் பதினேழு வயதிலேயே கொடுக்கப்பட்டிருந்தது.

இப்போது எங்கள் வகுப்புகளில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். முதல் இரண்டு வாரம் பாடநூல் இல்லை. ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தெரிந்த ஒரு வாழ்வாதாரத்தை எழுதி வர வேண்டும். தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ, எந்த மொழியிலும் எழுதலாம். பிலிமத்தலாவையில் பித்தளை வேலை செய்யும் குடும்பம், கம்பளைப் பாதையில் ஓடும் தனியார் பஸ், கட்டுகஸ்தோட்டையில் தையல் இயந்திரம் இரண்டு வைத்திருக்கும் அக்கா என்று வந்துகொண்டே இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் 'அரைப்பேர்' பற்றி எழுதினார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள் சம்பளம்தான். மழை நாளில், கொழுந்து குறைந்த மலையில், அந்த நிறையை யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று வகுப்பில் விவாதம் எழுந்தது. துரைமார் வேலைக்குப் போக விரும்பும் மாணவர்களும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைகளும் ஒரே மேசையில் பேசினார்கள். மனிதவள முகாமைத்துவத்தில் அதைவிட நல்ல விரிவுரையை நாங்கள் செய்ததில்லை. அதன் பிறகு வெளிநாட்டுக் கோட்பாடுகளைச் சொல்லும்போது மாணவர்கள் அவற்றை அளந்து பார்க்கிறார்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கூட்டுறவுப் பாடம் இன்னும் திரும்பி வரவில்லை. சீட்டுக் கணக்கைச் சொன்ன அந்தப் பிள்ளை பட்டம் பெற்று இன்று ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஆனால் அவருக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்து, முதலாம் வருடத்திலேயே படிப்பை விட்டுப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரைக் கண்டி நகரப் புடைவைக் கடையொன்றில் கண்டோம். "மிஸ், இங்க கணக்கு முழுக்க நான்தான் பாக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் கணக்கில் நாங்கள் எழுத மறந்த வரி அவர்.

சகோதரிகளே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரைக் கண்டியிலும் மாத்தளையிலும் வாசிப்பீர்கள், ரொறன்ரோவிலும் சிட்னியிலும் லண்டனிலும் வாசிப்பீர்கள். உங்களில் கடை நடத்துபவர் உண்டு, வங்கியில் இருப்பவர் உண்டு, தாதியர் விடுதியை நிர்வகிப்பவர் உண்டு, கணவரின் வியாபாரக் கணக்கைச் சத்தமில்லாமல் பார்த்துவருபவரும் உண்டு. உங்கள் தொழில் வாழ்க்கையில் ஒரு முக்கியமான முடிவை எடுத்த ஒரு நாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தது, என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஊர், பெயர் மாற்றிக்கொள்ளலாம். என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். மாணவிகள் முதலில் தாங்களே யோசிக்கட்டும். இலாபக் கதைகளை எல்லோரும் எழுதுவார்கள். எங்களுக்கு நட்டக் கதைகள் அதிகம் வேண்டும். அவற்றை நமது உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவிகளுக்கும் எங்கள் பல்கலைக்கழக வகுப்புகளுக்கும் பாடமாக்கித் தருவது எங்கள் பொறுப்பு.

கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தந்தீர்கள், கணினி வாங்கித் தந்தீர்கள். அவற்றுக்கு என்றும் நன்றி. இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு பின்னேரம் போதும்.

எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியை வாங்கிப் பார்க்க நமது ஆசிரியை பக்கத்திலேயே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அழுகியதையும் எழுதுங்கள்.